கசியாத டேங்க்

இந்தோனேசியாவின் பாண்டுங்கில், மின்சிகரெட் விற்கும் எங்கள் வேப் கடைக்குக் கசிவு என்று யார் வந்தாலும், ரிப்பேர் பார்க்கும் யாயானிடம்தான் அனுப்புவேன். நல்ல கைக்காரன். வாய்தான் கொஞ்சம் நீளம்.

ஷேர் வேன் ஓட்டும் சுஹெர்மன், நாங்கள் மரியாதையாக 'பாக்' என்று கூப்பிடுபவர், ஒருநாள் சட்டைப்பையைப் பிடித்துக்கொண்டு வந்தார். வேப்பில் திரவம் நிற்கும் டேங்க் கசிந்து சட்டையெல்லாம் ஸ்ட்ராபெரி வாசம்.

"ஏறுற பொம்பளைங்கல்லாம் மோந்து பாக்குறாங்க தம்பி. வீட்டுல வேற சந்தேகப்படுறா."

ஆயுசு முழுக்க ஊதிய கிராம்பு சிகரெட்டை அப்போதுதான் விட்டு வேப்புக்கு மாறியிருந்தார். மகள் ரெனி முழுகாமல் இருந்தாள். சிகரெட் நாறுகிற கையில் பிள்ளையைத் தரமாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாளாம்.

யாயான் பழைய பஞ்சை உருவி எறிந்தான். சூடேறும் கம்பிச் சுருளுக்குள் புதுப் பஞ்சை நுழைத்து, இரண்டு நுனிகளையும் திரவம் ஏறும் துளைகளில் இறுக்கி அடைத்தான்.

"நுனியக் கொஞ்சம் சீவி விடுடா. தடிச்சா திரவம் ஏறாது," என்றேன்.

"நீங்க கல்லாவப் பாருங்க," என்றான். பஞ்சை நனைத்து இரண்டு சின்ன இழுப்பு இழுத்துப் பார்த்தான். "இனி ஒரு சொட்டு கசிஞ்சா என் பேர மாத்திக்கிறேன், பாக்." காசும் வாங்கவில்லை.

கசியவில்லைதான். அடுத்த மாதம் வேன் ஸ்டாண்டில் நானும் யாயானும் தேநீர் குடிக்கப் போனபோது, பாக் கையில் கிராம்பு சிகரெட் புகைந்துகொண்டிருந்தது.

"டேங்க் என்னாச்சு, பாக்?" என்றேன்.

"தங்கமா இருக்கு தம்பி, கசியவே இல்ல. இழுத்தாத்தான் கருகின வாடை, தொண்டை எரியுது. என் தொண்டைதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."

"அப்பவே கொண்டு வந்திருக்கலாம்ல?"

"சும்மா செஞ்சு குடுத்தவன்கிட்ட மறுபடி குறை சொல்றதா? மனுசனுக்குக் கூச்சம் வேணாமா?"

கிராம்பு சிகரெட் பழகியவர்கள் நெஞ்சு நிறைய இழுப்பார்கள். அந்த இழுப்புக்கு இறுகிய பஞ்சு ஈடுகொடுக்காது, காய்ந்து கருகும். யாயானுக்குத் தெரியாததா? அங்கேயே பஞ்சை மாற்றி, நுனியைச் சீவிக் கொடுத்தான். பாக் நீளமாக இழுத்தார். "நல்லாத்தான் இருக்கு," என்றார். சிகரெட்டை அணைக்கவில்லை.

யாயான் அன்று சோறு தின்னவில்லை. குற்ற உணர்வு அவனைக் குடைந்தது. என்னையும்தான், பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவன்தானே நான்.

பிள்ளை பிறந்து, ஆடு அறுத்த விருந்துச் சோற்றை எடுத்துக்கொண்டு ரெனி கடைக்கு வந்தாள்.

"அண்ணே, உங்க புண்ணியத்துலதான் அப்பா சிகரெட்ட விட்டாரு. ஆனா பிள்ளையத் தொடவே மாட்டேங்கிறாரு. நீட்டினா, சட்டை அழுக்குன்னு வாசல்லயே நிக்கிறாரு. உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாரா?"

யாயான் சோற்றுப் பெட்டியைக் கீழே வைத்தான்.

"அவர் மேல தப்பில்லம்மா. பஞ்ச இறுக்கித் திணிச்சது நான்தான்."

ரெனி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன பஞ்சு, அண்ணே?"