அசையாமல் நிற்கத் தெரியாத போட்டோக்காரன்

போட்டோ ஸ்டூடியோ வேலை என்பது வந்தவரை அசையாமல் உட்கார வைக்கிற வேலை. படம் பிடிப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். அப்படிப்பட்ட வேலைக்குப் போயும் போயும் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். நான் சோறு தின்னும்போதும் கால் ஆட்டுகிறவன். சினிமாவுக்குப் போனால் பாதிப் படத்தை வாசலில் நின்று பாட்டுச் சத்தத்திலேயே பார்க்கிறவன். பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியாமல் அடுத்த ஊர்ப் பக்கம் நடக்க ஆரம்பித்து, நடுவழியில் அந்த பஸ்ஸையே கோட்டைவிடுகிறவன். இதைப் படிக்கும்போதே எழுந்து வாசல் வரை போய் வந்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு நம் அவஸ்தை புரியாது.

ஐம்பதுகளின் கடைசியில் திருவண்ணாமலை தேரடித் தெருவில், மாடியில் கண்ணாடிக் கூரை போட்ட ஸ்டூடியோ அது. முதலாளி கோதண்டபாணி. படத்தில் முகத்தைச் சரி செய்கிற பென்சில் வேலைக்குக் காதர் பாய். மற்ற எல்லாவற்றுக்கும் ஏழுமலை என்கிற நான்.

மல்லாட்டை விற்ற கையோடு

சேர்ந்த புதிதில் ஒருநாள் முதலாளி வேலூர் போயிருந்தார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்ற கையோடு கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் மாடி ஏறி வந்தது. பெரியவர் நடு நாற்காலியில். புது வேட்டியின் மடிப்பு கலையக் கூடாதென்று பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும் இருந்தார். மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் எல்லோரையும் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினேன். அந்தக் காலத்துக் கேமராவில் லென்ஸ் மூடியைக் கையால் கழற்றி, மனசுக்குள் எண்ணி, மறுபடி மூட வேண்டும். அந்த நேரத்துக்குள் யாரும் அசையக் கூடாது.

யாரும் அசையவில்லை. இடுப்பில் இருந்த குழந்தைகூட அசையவில்லை. என் வலது கால் மட்டும் கேமரா நின்ற முக்காலியின் மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. எனக்கே தெரியாது. படம் விழுந்த கண்ணாடி பிளேட்டைக் கழுவிப் பார்த்தால் எல்லோருக்கும் இரண்டு மூக்கு. "கொஞ்சம் அசைஞ்சிட்டீங்க போல" என்று சொல்லி மறுபடி எடுத்தேன். மறுபடியும் அதே கதி. மூன்றாம் தடவை நான் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைக்கும்போது பெரியவர் கோபமே இல்லாமல் சொன்னார்: "தம்பி, நாங்க செலையாட்டம் குந்திக்கினு கீறோம். உங்க மிஷினைக் கொஞ்சம் கம்முனு இருக்கச் சொல்லுங்க."

முதலாளி மாதிரி

கோதண்டபாணி கண் சிமிட்டுவதையே நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். மெதுவாக ஒரு வார்த்தை சொல்வார். வந்தவர்கள் அப்படியே அடங்கிவிடுவார்கள். "ஏழுமலை, இந்தத் தொழிலுக்கு நிதானம் வேணும். என்னைப் பாத்துக் கத்துக்க" என்றார்.

கற்றுக்கொள்வது என்று முடிவு கட்டினேன். கையைப் பின்னால் கட்டினேன். வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விட்டேன். மாடிப்படியைக்கூட ஒவ்வொன்றாக ஏறினேன். உள்ளே என்னவோ தேன்கூட்டில் கல் விழுந்த மாதிரிதான் இருந்தது. பின்னால் கட்டிய கையின் விரல்கள் ஒன்றையொன்று கிள்ளிக்கொண்டே இருக்கும். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மூட்டை தூக்கியவன் மாதிரி உடம்பெல்லாம் வலிக்கும்.

அந்த நாட்களில் கோயில் குருக்கள் வீட்டு மாமி ஒருவர், வரன் வீட்டுக்கு அனுப்பப் படம் வேண்டுமென்று மகளை அழைத்துக்கொண்டு வந்தார். பெண்ணுக்கு ஏற்கெனவே பயம். நான் முதலாளி குரலில், "கொஞ்சம்... முகத்தை... நிமிர்த்துங்க" என்றேன். அந்தப் பெண் இன்னும் விறைத்துப் போனாள். "லேசா... சிரிங்க" என்றேன். அவள் அழுதுவிடுவாள் போலிருந்தது. மாமி என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் எழுந்து வந்து கேட்டார்: "ஏம்ப்பா, உனக்கு ஜுரம் ஏதாவது அடிக்கறதா? ஆத்துக்குப் போய் மிளகு ரசம் சாப்பிட்டுப் படுத்துக்கோ, நாங்க நாளைக்கு வரோம்."

தழும்பு

நிற்கிற வேலை சரிப்படவில்லை என்று முதலாளி என்னைக் காதர் பாய் பக்கத்தில் உட்கார வைத்தார். சாய்வு மேஜையில் நெகட்டிவை வைத்து, சீவிய பென்சிலால் கரும்புள்ளி, சுருக்கம் எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுச் சரி செய்ய வேண்டும். பாய் ஒரு முகத்தில் நாலு இடம் தொடுவார், பென்சிலைக் காதில் செருகிக்கொள்வார், டீ குடிக்கப் போய்விடுவார். எனக்கோ கை நிற்காது. ஓர் இடத்தைத் தொட்டால் பக்கத்து இடம் கூப்பிடும்.

வேலூர் ரூட்டில் பஸ் ஓட்டுகிற டிரைவர் ஒருவர் லைசென்ஸுக்காகப் படம் எடுத்திருந்தார். முகம் முழுக்க அம்மைத் தழும்பு. காலையில் ஆரம்பித்தவன், பாய் வந்து பார்ப்பதற்குள் ஒரு தழும்பு விடாமல் எடுத்துவிட்டேன். கன்னம் வழவழவென்று வாழைத்தண்டு மாதிரி ஆகிவிட்டது. பிரிண்ட் போட்டுப் பெருமையோடு நீட்டினேன். டிரைவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் யார் பெயராவது எழுதியிருக்கிறதா என்றும் பார்த்தார். "அம்மை போட்டுப் பொழைச்ச மூஞ்சிங்க இது, இதைக் காட்டித்தான் நான் லைசென்ஸ் வாங்கணும், இந்தப் புது மாப்பிள்ளை யாருன்னு ஆபீஸ்ல கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?"

செங்கம் ரோட்டில் ஒரு அம்மாள்

இதற்குள் எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டிருந்தது. முதலாளி கூப்பிட்டு, "பொங்கலுக்குள்ள ஒரு எடத்துல நிக்கப் பழகு. இல்லேன்னா உனக்கு வேற வேலை பாத்துக்கறது நல்லது" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் வருத்தமாகச் சொன்னார். வீட்டில் சொல்லவில்லை. கடைத்தெருவில் யார் வேலை மாறினாலும் அந்த இடம் நமக்குச் சரிப்படுமா என்று பார்க்க ஆரம்பித்தேன். மளிகைக் கடை, ஜவுளிக் கடை, ரைஸ் மில் எதைப் பார்த்தாலும் அங்கேயும் ஒரு மனுஷன் உட்கார்ந்தேதான் இருந்தான்.

அப்போதுதான் செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்கார அம்மாள் படம் எடுக்க ஆள் கேட்டனுப்பினார். ஊரில் இருக்கிற தன் அக்காவுக்கு அனுப்ப வேண்டுமாம். சைக்கிளில் போனேன். தமிழ் கொஞ்சம் கற்றிருந்தார். வேப்பமரத்தடியில் சால்வை போர்த்திக் கண்ணை மூடி உட்கார்ந்தவர்தான், உட்கார்ந்தே இருந்தார். மூக்கின் மேல் ஈ வந்து உட்கார்ந்து, உலாத்தி, பறந்து போனது. நான் அதற்குள் மரத்தை எத்தனையோ தடவை சுற்றிவிட்டேன். பொறாமையாக இருந்தது. இந்த அம்மாளைக் கோதண்டபாணி பார்த்தால் வேலைக்கே வைத்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான் நானும் சரியாகக் கவனித்தேன். முகம் கல்லில் செதுக்கியது போல் துல்லியம். சால்வைக்கு வெளியே தெரிந்த வலது கை மட்டும் புகை மாதிரி கலங்கியிருந்தது. அத்தனை நேரமும் சால்வை நுனியை உருட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்! மறுபடி எடுத்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சிரித்துவிட்டுப் படத்தை வாங்கிக்கொண்டார். "முகம் நான் சொன்னா கேட்கும். விரல் கேட்காது. அக்காவுக்கு இந்த விரல் நல்லா தெரியும்."

ரயிலுக்கு முன்னால்

எல்லையில் சண்டை நடந்த வருஷம். முதலாளி சொன்ன பொங்கலுக்கு இன்னும் சில வாரம் இருந்தது. லீவில் வந்திருந்த பட்டாளத்துக்காரர் ஒருவருக்கு உடனே திரும்பச் சொல்லித் தந்தி வந்துவிட்டது. சாயங்காலம் காட்பாடி ரயில். மனைவியையும் தவழ்கிற வயதுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தார். பிறந்த பிள்ளையை இந்த லீவில்தான் முதலில் பார்த்திருக்கிறார். "இவன் மட்டும் போதுங்க. சட்டைப் பையில வெச்சிக்கறேன்" என்றார்.

முதலாளியே கேமராவுக்குப் போனார். கறுப்புத் துணியைக் கண்டதும் பிள்ளை வீறிட்டது. அவர் பொறுமையாகக் காத்திருந்தார். அடங்கியது. மூடியைக் கழற்றினார். திரும்பவும் வீறிட்டது. பிளேட் பிளேட்டாக வீணானது. பட்டாளத்துக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பெண் சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஹாலின் கோடியில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்துகொண்டிருந்தேன். "ஏழுமலை, நில்லேன்!" என்று முதலாளி முதல்முறையாகக் கத்தினார். நின்றேன். பிள்ளை அழுதது.

அந்தப் பெண்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அவரை நிக்கச் சொல்லாதீங்க. அவரு நடந்தா கொழந்த பாக்குது."

யாரையும் கேட்காமல் சின்ன ரோல் பிலிம் கேமராவை எடுத்துக்கொண்டேன். எல்லோரையும் மொட்டை மாடிக்குப் போகச் சொன்னேன். நல்ல வெயில், கண்மூடித் திறப்பதற்குள் படம் விழுந்துவிடும். அப்பா முட்டி போட்டுப் பிள்ளையின் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். நான் குதித்தேன், குந்தினேன், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து எட்டிப் பார்த்தேன். பிள்ளை கெக்கலி கொட்டிச் சிரித்தது. அதைப் பார்த்து அவரும் சிரித்தார். ஓடிக்கொண்டே அமுக்கினேன். கையும் காலும் மனசும் ஒரே பக்கம் போனது எனக்கு அன்றைக்குத்தான்.

படத்தைப் பார்க்காமலே அவர் ரயிலுக்கு ஓடினார். நான் பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்பினேன். சண்டை ஓய்ந்து அடுத்த லீவில் மாடியேறி வந்தார். சட்டைப் பையிலிருந்து அதை எடுத்துக் காட்டினார். ஓரமெல்லாம் தேய்ந்து துணி மாதிரி ஆகியிருந்தது. "கூட இருக்கறவங்க எல்லாம், உன் பையன் யாரைப் பாத்துடா இந்தச் சிரிப்பு சிரிக்கிறான்னு கேக்கறாங்க. இவருதான்னு சொல்ல உங்க படம் ஒண்ணு குடுங்க."

கெட்டிமேளம்

"உன்னைக் குந்த வெச்சது என் தப்பு" என்று சொல்லி முதலாளி வெளி வேலைகளை என்னிடம் விட்டார். குழந்தைகள், கல்யாணம், மாட்டுச் சந்தை, தேர். இதோடு சுபம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஓடுகிற கால், வேண்டியபோது மட்டும் ஓடுவதில்லை.

கீழ்பென்னாத்தூரில் முதல் கல்யாணம். முகூர்த்தத்துக்கு நேரம் இருக்கிறதே என்று பந்தலைச் சுற்றினேன். வண்டிமாடுகளைப் பார்த்தேன். சமையல்கட்டில் அப்பளம் பொரிகிற சத்தம் கேட்டு அங்கே எட்டிப் பார்த்தேன். திடீரென்று கெட்டிமேளம். வாழை இலைக்கட்டைத் தாண்டிக் குதித்து ஓடிவந்து, கடைசி முடிச்சைத்தான் பிடித்தேன். படத்தில் நாத்தனார் கைதான் பெரிதாக விழுந்தது. பெண்ணின் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டது இன்னும் உறுத்துகிறது.

பழைய ஏழுமலையாக இருந்தால், அடுத்த கல்யாணத்தில் மணவறை பக்கத்திலேயே ஆணியடித்த மாதிரி நிற்பேன் என்று சபதம் செய்திருப்பான். அது நடக்காது என்று இந்த ஏழுமலைக்குத் தெரியும். முதலாளியிடம் போய், லைசென்ஸ் படமும் குடும்பப் படமும் உங்களோடது, என்னால் ஆகாது என்று நேராகச் சொன்னேன். அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். அடுத்த கல்யாணத்துக்குச் சீக்கிரமாகவே போய்த் தவில்காரர் வடிவேலுவைத் தேடிப் பிடித்தேன். "அண்ணே, என்னால ஒரு எடத்துல நிக்க முடியாது. நீங்கதான் காப்பாத்தணும்" என்றேன். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே விரல்கள் தொடையில் தட்டிக்கொண்டிருந்தன. என் காலைப் பார்த்தார், சிரித்தார். "உங்களுக்குக் காலுன்னா எனக்குக் கையி. கெட்டிமேளத்துக்கு முன்னாடி உங்களுக்குன்னு தனியா ஒரு தட்டு தட்டறேன், அது வரைக்கும் எங்க வேணா சுத்திக்கினு இருங்க."

சுபாவத்தை மாற்ற நான் பட்ட பாட்டில் பாதியைத் தொழிலில் பட்டிருந்தால் இந்நேரம் எனக்கே ஒரு சொந்த ஸ்டூடியோ இருந்திருக்கும், ஆனால் அதில் உட்காருவதற்குத்தான் ஒரு ஆளைச் சம்பளம் கொடுத்து வைக்க வேண்டியிருந்திருக்கும்.