மான் நக்கிய இஞ்சின்

எங்கள் வாப்பாவின் முன்னால் ‘ஒழுக்கு’ என்ற சொல்லை யாரும் எடுக்கக் கூடாது. துறைமுகத்தில் இழுவைப் படகுகளின் இஞ்சின்களோடு காலம் தள்ளியவர். அவர் பூட்டிய இஞ்சினிலிருந்து ஒரு சொட்டு ஒயில் வெளியே வந்தால் அது மானப் பிரச்சினை. அப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்தது பாருங்கள், எங்கள் கொட்டிலில் நின்ற அந்தக் கறுப்புக் கார்.

வெள்ளைக்காரக் கடற்படை அதிகாரி ஒருவர் விட்டுப்போன கார் என்பார்கள். எனக்குத் தெரிந்து அது ஓடியதே இல்லை. கோழிகள்தான் அதற்குள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. துறைமுக வேலை நின்றுபோனதும் வாப்பா கோழிகளை விரட்டிவிட்டு இஞ்சினைக் கழற்றினார். கார் ஓடத் தொடங்கினால் கொழும்பிலிருந்து ஒருவர் வந்து வாங்குவார்; அதை விற்ற காசில் வாப்பா கட்டார் நாட்டுக்கு வேலைக்குப் போவார். விசாவை ஒழுங்குபண்ணியவர் உம்மாவின் தம்பி, என் மாமா. எனக்குக் கண்ணை மூடித் திறக்கும் பாவைப்பிள்ளை வருவதாக இருந்தது. யார் விசாரித்தாலும் உம்மா, “ஓம், நல்ல வேலையாம்” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விடுவார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம் என்றுதான் நான் நினைத்தேன்.

ஒரு நாள் இஞ்சின் உறுமிக்கொண்டு உயிர்பெற்றது. நான் துள்ளிய துள்ளலில் என் செருப்பு வார் அறுந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் காருக்கு அடியில் ஒயில்.

ஒயில் கசியாமல் தடுக்கும் பாக்கிங்கை வாப்பா மாற்றினார். அடுத்த நாளும் ஒயில். இஞ்சினின் அடியில், பழைய ஒயிலை வடித்துவிடுவதற்கென்று ஒரு நட்டு உண்டு. சொட்டு அதன் நுனியில்தான் தொங்கியது. அது சற்று இளகியும் இருந்தது. ஆனால் வாப்பா அதை ஒரு திருப்பில் இறுக்கிவிட்டு மேலேயே தேடினார்.

“சொட்டுற இடத்தில ஒழுக்கு இரிக்காது மகள். மேல எங்கயோ கசிஞ்சி, வழிஞ்சி வந்துதான் கீழ சொட்டுது. நட்டு அதிர்வுக்கு இளகும்தானே.”

பெரிய தத்துவம்தான். அதை நம்பி இஞ்சினை இரண்டு தரம் கழற்றிப் பூட்டினார். மாமா தினமும் வந்து கொட்டில் வாசலில் நின்று வயிற்றெரிச்சலைக் கிளப்புவார்.

“என்ன மச்சான், கப்பலெல்லாம் ஒழுகாம ஓட்டின ஆள், இந்தத் தகர டப்பாக்கிட்ட தோத்திட்டீங்களே! கொழும்புக்காரர் வெள்ளிக்கிழமை வாறார், ஞாபகம் இரிக்கட்டும்.”

புதன்கிழமை வாப்பா என்னை இரகசியமாகக் கூப்பிட்டு, உம்மாவின் பவுடர் டின்னை எடுத்துவரச் சொன்னார். இஞ்சினை மண்ணெண்ணெயால் துடைத்துக் காயவிட்டு, மேலும் கீழும் பவுடரை அப்பினோம். எங்கே கசிகிறதோ அங்கே பவுடர் நனைந்து காட்டிக்கொடுத்துவிடும். பிறகு இஞ்சினை நன்றாக ஓடவிட்டார். கொட்டில் முழுக்கக் கல்யாண வீட்டு வாசம். மாலையில் பார்த்தபோது ஓர் இடத்திலும் ஈரமில்லை. வாப்பா சீட்டியடித்துக்கொண்டே குளிக்கப் போனார்.

காலையில் மறுபடியும் ஒயில். வாப்பா காருக்கடியில் மல்லாந்து ஊர்ந்தார். நானும் பின்னால் ஊர்ந்தேன். மேலே எல்லாம் வெள்ளை வெளேரென்று காய்ந்தபடியே இருந்தது. அடி நட்டைச் சுற்றி மட்டும் பவுடர் இல்லை. மெல்லிய விரல்களால் இழுத்ததுபோல நான்கு கோடுகள். அதற்குப் பக்கத்தில் ஸ்பானர் உரசிய கீறல்.

“மான், வாப்பா! மான் வந்து நக்கியிருக்கு!” என்று கத்தினேன்.

எங்கள் தெருவில் மான்கள் மாடுகளைப் போலத் திரிபவை. முந்தின கிழமைதான் ஒன்று என் சித்திரக் கொப்பியில் பாதியைத் தின்றிருந்தது. எனக்குச் சந்தேகமே இல்லை.

வாப்பா அந்தக் கோடுகளை விரலால் தொட்டுப் பார்த்தார். சக்கரங்களுக்கு நடுவால் குசினிப் பக்கம் பார்த்துக்கொண்டு கிடந்தார். அங்கிருந்து பார்த்தால் உம்மாவின் கால்கள் மட்டும் தெரிந்தன.

“ஓம் மகள், மான்தான்” என்றார் கடைசியில். “உம்மாட்ட சொல்லிடாதீங்க. பாவம்.”

மானைத்தான் பாவம் என்கிறார் என்று நானும் தலையாட்டினேன். அவர் சீலைத் துண்டை எடுத்து இஞ்சின் முழுவதையும் துடைத்தார்.

உம்மா தேத்தண்ணி கொண்டுவந்தபோது வாப்பா கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“புள்ள, இது என்னால பிடிக்க ஏலாத ஒழுக்கு. கொழும்புக்காரரை வர வேணாம் எண்டு சொல்லப் போறன்.”

“அப்ப கட்டார்?”

“ஒரு சொட்டு ஒயிலை நிப்பாட்டத் தெரியாதவனுக்கு அங்க என்ன வேல? இஞ்சயே ஏதாவது பாப்பம்.”

உம்மா தேத்தண்ணியை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். எனக்கோ வாப்பாவின் மேல் வந்த கோபம் கொஞ்சமல்ல. பாவைப்பிள்ளை போயிற்று. போதாததற்கு, ஒழுக்குப் பிடிக்கத் தெரியாத மேஸ்திரி என்று மாமா அன்றைக்கே தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார். வாப்பா அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். வெட்கமாக இருந்தது எனக்கு.

அன்று அந்தியில் மஃரிப் தொழுகை முடிந்தும் உம்மா பாயை விட்டு எழும்பவில்லை. ஏந்திய கைகளில் கண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கார் விற்கவில்லையே என்ற கவலை, பாவம். எனக்கும் தாங்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து கைகளை ஏந்தி, யா அல்லாஹ், அந்த ஒழுக்கை வாப்பாவுக்குச் சீக்கிரம் காட்டிக்கொடு என்று கேட்டேன். பிறகு, இரண்டு பேரும் கேட்பது ஒன்றைத்தான் என்ற நம்பிக்கையில், உம்மாவின் துஆவுக்கும் சேர்த்து உரக்க ஆமீன் சொன்னேன்.