பொட்டு வைத்த கலிஸ்ரா

கலிஸ்ரா நடித்தது மூன்று படங்கள். மூன்றிலும் அவள் ஒரு சொல்கூடப் பேசவில்லை. இதற்குப் பெரிய கலைக் காரணம் எதையும் தேட வேண்டாம். படம் எடுத்த சிவகரனின் கமராவில் சத்தம் பதிகிற பகுதி பழுதாகிக் கிடந்தது, அவ்வளவுதான். சண்டை நின்ற சமாதானக் காலத்தில் கொழும்புக்குப் பாதை திறந்திருந்தும் அதைத் திருத்தித் தர வன்னியில் ஆள் கிடைக்கவில்லை. "அப்ப ஊமைப்படமே எடுப்பம்" என்று அவன் முடிவு கட்டிவிட்டான்.

முல்லைத்தீவுக் கரையில் அந்தோனிமுத்து வலை இழுத்த ஒரு காலையில், மீனோடு கடற்பாம்பு ஒன்றும் ஏறி வந்தது. பக்கத்தில் நின்ற அவருடைய ஏழு வயது மகள் கலிஸ்ரா கத்தவில்லை. இடது புறங்கையை வாயில் வைத்துக் கண்களை அகலத் திறந்தாள். மற்றப் பிள்ளைகள் உள்ளங்கையால் வாயைப் பொத்துவார்கள், இவளுக்குப் புறங்கை. படம் பிடிக்க இடம் பார்த்துக்கொண்டு வந்த சிவகரன் அதைக் கண்டான். பாம்பைப் பார்த்த பிள்ளையை விட்டுவிட்டு எல்லோரும் பாம்பைப் பார்த்தார்கள், அவன் மட்டும் பிள்ளையைப் பார்த்தான்.

அதே வருடம் எடுத்த மூன்றாவது படத்தில் அவள் வயல் செய்கிற கமக்காரர் வீட்டுப் பிள்ளை. சிவகரன் அவள் நெற்றியில் பெரிய பொட்டு ஒன்று வைத்துவிட்டான். மாதா கோயிலை விடாத தாய் புனிதத்துக்கு வந்ததே கோபம். "வேதக்காரப் பிள்ளைக்கு என்னத்துக்குப் பொட்டு?" என்று சேலைத் தலைப்பால் அழித்தாள். அவன் திரும்ப வைத்தான். அவள் திரும்ப அழித்தாள். அந்தப் படம் முடிவதற்குள் பிள்ளையின் நெற்றித் தோல் உரிந்துவிட்டது.

பள்ளிக்கூட மைதானங்களில் வெள்ளைச் சீலை கட்டி, ஜெனரேட்டர் போட்டு, ஓரத்தில் ஒருவர் ஆர்மோனியம் வாசிக்கப் படம் ஓடியது. புறங்கை வாய்க்குப் போகும் இடத்தில் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. கிளிநொச்சிப் பிள்ளைகள் வீதியில் அதைச் செய்து காட்டித் திரிந்தார்கள். ஒரு நடிகைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

பிறகு சண்டை வந்தது. படங்களும் போயின, சிவகரனும் எங்கே என்று தெரியவில்லை. பதுங்குகுழி வாசலில் தகப்பன் குண்டு பட்டு விழுந்தபோது கலிஸ்ராவின் கை வாய்க்குப் போகவில்லை. கண்ணும் விரியவில்லை. சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு அந்தக் கை எழும்பவே இல்லை. கலியாணம் நடந்தது, பிள்ளைகள் பிறந்தன, ஸ்கூட்டியில் கருவாடு கட்டிக்கொண்டு ஊர் ஊராக விற்கத் தொடங்கினாள். நடித்த கதையைப் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. காட்டுவதற்குப் படம் இல்லாத நடிகையை யார் நம்பப்போகிறார்கள்?

போன மாதம் தர்மபுரத்தில் ஒரு புது ஒழுங்கைக்குள் போனாள். வயல் செய்கிற பத்மாசனி என்ற அம்மா கருவாடு வாங்கினாள். வெயில் கொளுத்தியது. "உள்ளுக்கை வந்து இரு பிள்ளை, தண்ணி தாறன்" என்றாள்.

கதிரையில் இருந்தவள் நிமிர்ந்தாள். சுவரில் அவளே தொங்கினாள். ஏழு வயது, நெற்றியில் பொட்டு, வாயில் புறங்கை. படத்துக்கு மாலை போட்டு, முன்னால் விளக்கும் ஏற்றியிருந்தது. உயிரோடு இருக்கிற ஆளின் படத்துக்கு மாலையா? வீட்டில் இருக்கும் பிள்ளைகளின் முகம் கண்ணுக்குள் வந்தது. இந்த மாலையைக் கழற்றச் சொல்லாமல் வாசலைத் தாண்டுவதில்லை என்று நினைத்தாள். நினைக்கும்போதே அவளுடைய இடது கை தானாக எழுந்து, புறங்கையாய் வாயில் போய் ஒட்டியது.

குசினியில் இருந்து வந்த பத்மாசனி அதைக் கண்டாள். செம்பு கையை விட்டு விழுந்து தண்ணீர் நிலமெல்லாம் ஓடியது.

"நீ இருக்கிறியோ பிள்ளை?" என்றாள்.

பிறகு மெல்லச் சொன்னாள். "என்ரை மகள் பிரஷாந்தினிக்கும் அப்ப உன்ரை வயதுதான். உன்ரை படம் பாத்த நாளிலை இருந்து அவளும் இப்பிடித்தான். சோறு போட்டாலும் வாயிலை கை, அடிக்கப் போனாலும் வாயிலை கை. 'அம்மா, அது நான்தான்' எண்டு சொல்லுவாள். கடைசியிலை மாத்தளனிலை மண்ணுக்குள்ளை விட்டிட்டு வந்தன். அவளின்ரை படம் ஒண்டும் மிஞ்சேல்லை. பிறகு அந்தப் படத்தின்ரை கொப்பி ஒண்டை வெளிநாட்டிலை ஆரோ இன்ரநெற்றிலை போட்டிருக்கினம் எண்டு தமையன்ரை மகன் காட்டினான். அதிலை இருந்து உன்னை எடுப்பிச்சு, அவளா நினைச்சு மாட்டினன். நீயும் போயிருப்பாய் எண்டு நினைச்சு, ரெண்டு பேருக்குமாத்தான் ஒரு மாலை போட்டனான்."

சொல்லிக்கொண்டே கதிரையை இழுத்துப் போட்டு ஏறினாள். "உசிரோடை இருக்கிற பிள்ளைக்கு இது கூடாது. என்னை மன்னிச்சுக்கொள்" என்று மாலையைக் கழற்றினாள். இறங்கியவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு சுவர் சுவராகப் பார்த்தாள். அதைப் போடுவதற்கு அந்த வீட்டில் வேறு படம் இல்லை.

கலிஸ்ரா எழுந்து போய் மாலையை வாங்கினாள். தானே கதிரையில் ஏறித் திரும்பவும் போட்டு, வாடிய பூ ஒன்றைக் கிள்ளி எறிந்தாள்.

"நாங்கள் வேதக்காரர், அம்மா. எங்கடை வீட்டிலை பொட்டு வைக்கிறேல்லை" என்றாள். "இது நான் இல்லை."