கடிதத்தில் ஒரு வினைச்சொல்

பித்தப்பையில் கல் என்று டொக்டர் சொல்லி, அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தபோது எனக்கு முதலில் வந்த கவலை ஒரு கடிதத்தைப் பற்றியது. வாவிக்கரைக் கிராமங்களில் நண்டும் இறாலும் பிடித்து விற்கும் பெண்களுக்கான திட்டமொன்றுக்கு நான் பொறுப்பாக இருந்தேன். ஒரு மாதம் வரமாட்டேன் என்றால் என் வேலைகளை யார் செய்வார் என்று கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

செய்யப் போகிறவர் எங்கள் வெளிக்கள உத்தியோகத்தர். பதவியில் எனக்குக் கீழே, வயதில் பதினைந்து வருடம் மூத்தவர். நான் அவரை அண்ணன் என்பேன், அவர் என்னை மிஸ் என்பார். தேற்றாத்தீவிலிருந்து தன்னாமுனை வரை எந்தப் பெண் எந்தக் குழுவில் என்பது அவருக்குத்தான் மனப்பாடம்.

கணினிக்கு முன்னால் இருந்து சொல் தேடினேன். ‘ஓடர்’ என்றால் பொலிஸ்காரர் பேசுவதுபோல் இருந்தது. ‘அசைன்’ பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் கொடுப்பதுபோல் பட்டது. ‘டெலிகேட்’ என்று எழுதிவிட்டு, ஏதோ அமைச்சின் செயலாளர் எழுதுகிற மாதிரி இருக்கிறதே என்று அழித்தேன். நேரில் என்றால், “அண்ணன், கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்க” என்றுதான் சொல்லியிருப்பேன். அதனால் ‘ரிக்குவெஸ்ட்’ போட்டேன். இந்த வேலைகளைக் கவனிக்கும்படி அவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று வந்தது. மரியாதையாகத் தெரிந்தது. அனுப்பிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அறுவைச் சிகிச்சை முடிந்த நாலாம் நாள் வார்டில் படுத்திருக்கும்போது அவர் எனக்குப் போன் எடுத்தார்.

“மிஸ், சுகமா?”

“ஓம் அண்ணன், நோவு குறைவு. சொல்லுங்க.”

“பொம்பிளையளுக்குக் குடுக்கிற ஐஸ் பெட்டியெல்லாம் வந்து ஸ்டோரில கிடக்கு. நான் கையெழுத்து வைச்சா கொழும்பில ஏற்கிறாங்க இல்ல. ஒங்கட கடிதத்தில எனக்கு அதிகாரம் ஒண்டும் இல்லையாம். உதவி கேட்டிருக்கிறீங்களாம், அவ்வளவுதானாம். பொம்பிளையள் மூண்டு தரம் வந்து பாத்திட்டுப் போயிற்றாங்க. வெயிலுக்கு நண்டு பழுதாகுது. நான் அவங்களுக்கு என்னத்தைச் சொல்ல?”

கோபமாகப் பேசவில்லை. கூச்சப்பட்டுப் பேசினார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. மரியாதை என்று நினைத்து, அந்தப் பெண்களுக்கு முன்னால் அவரை வெறுங்கையோடு நிறுத்தியிருக்கிறேன்.

“‘டெலிகேட்’ எண்டு மாத்தி எழுதிறன் அண்ணன். எனக்கிருக்கிற அதிகாரத்தை ஒங்கட கையில தாறன் எண்டு அர்த்தம்.”

“மறுகா ஏதும் பிழையாப் போனா?”

“பிழையாப் போனா நான்தான் பதில் சொல்லணும். அதுவும் அந்தச் சொல்லுக்குள்ள கிடக்கு.”

“அப்ப யோசிச்சு எழுதுங்க மிஸ்.”

“யோசிச்சிட்டன்.”

தையல் இழுக்க இழுக்க, போனிலேயே ஒற்றை விரலால் தட்டி அனுப்பினேன். பின்னேரம் கொழும்பிலிருந்து சரியென்று பதில் வந்தது. மறுநாளே அண்ணன் பெட்டிகளைக் கொடுத்துவிட்டார்.

வேலைக்குத் திரும்பி அவர் பெட்டி கொடுத்த பட்டியலைப் பார்த்தபோது எனக்குச் சுருக்கென்றது. ஒழுங்காகக் குழுக் கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு முதலில் என்று நான் வரிசை போட்டு வைத்திருந்தேன். அவர் அதை மாற்றியிருந்தார்.

“கூட்டத்துக்கு வராதவங்களுக்கு ஏன் முதல்ல குடுத்தீங்க?”

“விடிய வாவிக்குப் போறவங்க ஒம்பது மணிக் கூட்டத்துக்கு எப்பிடி வாறது, மிஸ்? ஐஸ் தேவைப்படுறதும் அவங்களுக்குத்தானே.”

இரண்டு வருடமாக ஒன்பது மணிக்குக் கூட்டம் வைத்தவள் நான். ஒருவரும் அதைச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

பட்டியல் ஏன் மாறியது என்று கொழும்பிலிருந்து விளக்கம் கேட்டார்கள். அவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுதியிருக்கலாம். முடிவு சரியானது, பொறுப்பு என்னுடையது என்று எழுதினேன். அனுப்புமுன் அவருக்கும் வாசித்துக் காட்டினேன். “ம்” என்றார். பிறகு, அடுத்த கூட்டத்தை மூன்று மணிக்கு வைத்தால் களுதாவளைக்காரரும் வருவார்கள் என்றார். நாட்காட்டியை எடுத்து அவர் பக்கம் தள்ளினேன்.