நாக்கில் செத்த சர்க்கரை

என் கணவர் பஸ் கண்டக்டர். திண்டிவனம், விழுப்புரம் ரூட். நான் விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் பிரிவில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்துகொண்டே எம்.ஃபில். படித்தேன். எண்பதுகளின் நடுப்பகுதி அது. பெரும்பாலும் அவர் வண்டியிலேயே வேலைக்குப் போவேன். மற்றவர்களிடம் கேட்பதைப் போலவே என்னிடமும் கை நீட்டி டிக்கெட் கேட்பார். "வீட்டுக்காரின்னு உன்ன விட்டன்னு வை, நாளைக்கு வண்டியில ஏர்றவங்க எல்லாம் என் வீட்டுக்காரி ஆயிடுவாங்க" என்பார். பஸ்ஸே சிரிக்கும். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அவருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தபோது நாற்பதுகூட ஆகவில்லை. அவர் அப்பாவும் அதில்தான் போனார். ஆராய்ச்சிக்கு எதை எடுத்துக்கொள்கிறாய் என்று எங்கள் சார் கேட்டதும், யோசிக்காமல் சிறுகுறிஞ்சான் என்றேன். நாட்டு வைத்தியர்கள் சர்க்கரைக்குக் கொடுக்கும் கொடி அது. நல்ல தலைப்பு என்று சார் பாராட்டினார். அறிவியலுக்குத் தொண்டு செய்யும் எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. என் புருஷன் பிழைத்துக் கிடக்க வேண்டும், அவ்வளவுதான்.

இலைக்கு நான் அலைய வேண்டியிருக்கவில்லை. டூட்டி மாறித் திருவக்கரைக்குப் போகும் நாட்களில், வண்டி நிற்கிற இடத்து வேலியிலிருந்து அவரே பறித்து ஒரு மஞ்சள் பையில் அடைத்துக்கொண்டு வருவார். அதை நிழலில் உலர்த்திப் பொடித்துக் கண்ணாடிக் குழாயில் நிரப்பி, கீழே ஆல்கஹாலைக் கொதிக்க வைப்பேன். ஆவி மேலே போய்க் குளிர்ந்து இலையின் மேல் சொட்டும். சத்தை இழுத்துக்கொண்டு இறங்கும். திரும்பவும் ஆவியாகி ஏறும். நாள் முழுக்க இதே கூத்துதான். கடைசியில் கிடைக்கும் கரும்பச்சைச் சாற்றைச் சுண்டவைத்துக் கொஞ்சம் அமிலம் விட்டால் அடியில் ஒரு பொடி படியும்.

அந்தப் பொடியில் சத்து வந்துவிட்டதா என்று பார்க்க எங்கள் லேபில் பெரிய கருவி எதுவும் கிடையாது. என் நாக்குதான் கருவி. பொடியைத் துளி நாக்கில் தடவி, சற்றுப் பொறுத்து வாய் கொப்பளித்துவிட்டுச் சர்க்கரையைப் போட்டுக்கொள்வேன். சர்க்கரை மணலைப் போல நறநறவென்று இருந்தால் பாஸ். சிறுகுறிஞ்சானை மென்றால் கொஞ்ச நேரத்துக்கு இனிப்பு தெரியாது. இதை அவர் நாக்கிலேயே ஒருநாள் விளையாட்டாகச் செய்து காட்டினேன். சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினார்.

கொஞ்ச நாள் கழித்து, மாலையில் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். அவர் டீக்கடை வாசலில் நின்று மல்லாட்டை உருண்டை தின்றுகொண்டிருந்தார். வேர்க்கடலையை வெல்லப்பாகில் பிடித்த உருண்டை. என்னைப் பார்த்து மறைக்கவுமில்லை. தின்று முடித்து, சட்டைப் பையிலிருந்து சிறுகுறிஞ்சான் இலையை எடுத்து மென்றார். பிறகு டீ மாஸ்டரிடம் ஒரு சிட்டிகை சர்க்கரை வாங்கி நாக்கில் போட்டு, சுற்றி நின்றவர்களுக்கு நாக்கை நீட்டிக் காட்டினார்.

"தோ, மண்ணு மாதிரி இருக்குது. சக்கரை செத்துப்போச்சி" என்றார்.

"நாக்குல ருசிதாங்க செத்துச்சி. நீங்க முழுங்கின உருண்டை வயித்துல உசுரோடதான் இருக்குது" என்றேன்.

"வாசல்ல நின்னுக்கினே கொல்றவன் வூட்டுக்குள்ள பூந்து கொல்ல மாட்டானா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாயாடியிடம் வாயால் ஜெயிக்க முடியாது. ஆனால் அன்றைக்கு வீட்டில் டாக்டர் கொடுத்த மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தபோது அது வாங்கிவந்தபடியே இருந்தது.

அவருடைய லீவு நாளில் லேபுக்கு இழுத்துக்கொண்டு போனேன். நீல நிறக் கரைசல் ஒன்று உண்டு. அதில் சிறுநீரைச் சில சொட்டு விட்டுக் காய்ச்சினால், சர்க்கரை இல்லாவிட்டால் நீலமாகவே இருக்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, அதிகமானால் மஞ்சள். ஏகத்துக்கு இருந்தால் செங்கல் நிறம். முந்தின நாள் முழுக்க இலையை மென்றிருந்தவரின் சிறுநீரை அவர் கண்ணெதிரிலேயே காய்ச்சினேன். செங்கல் நிறத்தில் நின்றது. "சரி வுடு, மாத்திரைய முழுங்கறேன்" என்றார். கொஞ்ச நாள் முழுங்கவும் செய்தார்.

அதற்குள் சார் முயல்களுக்கு ஏற்பாடு செய்திருந்தார். கல்லூரிக்குப் பின்னால் கூண்டு. ஊசி போட்டு அவற்றுக்குச் சர்க்கரை வியாதியை வரவழைத்து, பாதி முயல்களுக்கு எங்கள் சாற்றைக் கொடுத்தோம். காது நரம்பிலிருந்து ரத்தம் எடுப்பது என் வேலை. பார்க்க வந்த என் கணவர், "பாவம், இதுங்களுக்கு எவன் உருண்டை வாங்கிக் குடுத்தான்?" என்று கேட்டார். சாரே சிரித்துவிட்டார்.

முடிவு வந்தபோது சிரிக்க ஒன்றுமில்லை. சாறு கொடுத்ததில் சில முயல்களுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியது. சிலவற்றுக்கு அசையவே இல்லை. இறங்கியவற்றுக்கும் சாற்றை நிறுத்தியதும் பழையபடி ஏறிக்கொண்டது. "இதை வெச்சிக்கினு ஒன்னும் சொல்ல முடியாதும்மா. இன்னும் எவ்ளோவோ பார்க்கணும்" என்றார் சார். அன்று பஸ்ஸில் இதை அப்படியே இவரிடம் சொன்னேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் குனிந்து கேட்டார்.

"கொஞ்சம் எறங்கிச்சி இல்ல?"

"சிலதுக்குத்தாங்க. அதுவும் நிக்கல."

"எறங்கிச்சி இல்ல? அத்தச் சொல்லு" என்று விசிலை ஊதிவிட்டு முன்பக்கம் போய்விட்டார். அதற்குப் பிறகு மாத்திரையைத் தொடவில்லை. கெஞ்சினேன், சண்டை போட்டேன், சாப்பிடாமல் படுத்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அந்த ஆடி அமாவாசைக்கு மேல்மலையனூர் ஸ்பெஷல் வண்டியில் டூட்டி. கூட்டத்தில் யாரோ இறக்கிய அரிசி மூட்டை அவர் காலில் விழுந்திருக்கிறது. அதை வீட்டில் சொல்லவே இல்லை. பல நாள் கழித்து ராத்திரிச் சோறு போடும்போது ஒரு வாடை வந்தது. எலி செத்துக் கிடக்கிறதோ என்று பரண் வரைக்கும் தேடினேன். அவர் காலை மடக்கி வேட்டிக்குள் இழுத்துக்கொண்டதைப் பார்த்துத்தான் புரிந்தது. பெருவிரல் கறுத்துப்போயிருந்தது.

"வலிச்சாத்தான சொல்லுவன்? துளிகூட வலி இல்ல. தானா ஆறிக்கினு இருக்குதுன்னு நெனச்சேன்" என்றார்.

பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சர்க்கரை ஏறிக்கிடந்து காலில் உணர்ச்சியைக் கொன்றுவிட்டது, அதனால்தான் வலிக்கவில்லை, வலித்திருந்தால் அன்றைக்கே வந்திருப்பார் என்றார் டாக்டர். முதலில் விரலை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே காலையே எடுத்தார்கள். "இனிமே வண்டியில நிக்க முடியாது. டிப்போவுல உக்கார வெச்சிடுவாங்க இல்ல?" என்று என்னைக் கேட்டார். வெச்சிடுவாங்க என்றேன். காய்ச்சல் விடவே இல்லை. தீபாவளிக்கு முன்னால் போய்விட்டார்.

என்னால் துக்கத்தையும் கோபத்தையும் பிரிக்க முடியவில்லை. அழுகிற அழுகையில் பாதி, ஏன்யா என் பேச்சைக் கேட்கவில்லை என்கிற ஆத்திரம்தான். இன்றைக்கும் அப்படித்தான்.

கருமாதி அன்று டிப்போ ஆட்கள் வந்திருந்தார்கள். அவரோடு வண்டி ஓட்டிய டிரைவர், அவரைவிடச் சின்னவர், கூட்டம் கலையும்வரை காத்திருந்து என்னிடம் வந்தார். கண் சிவந்திருந்தது.

"அண்ணி, கேக்கற நேரம் இல்லதான். எனக்கும் சக்கர இருக்குது. டிப்போவுல சக்கர இருக்கறவங்களுக்கெல்லாம் அண்ணந்தான் எல குடுத்துக்கினு இருந்தாரு. எங்க வூட்டம்மா காலேஜுல டெஸ்ட் பண்ணி முடிச்சிட்டாங்க, தெகிரியமாத் துன்னுங்கன்னு சொல்லுவாரு. உங்களப் பத்திப் பேச ஆரம்பிச்சா விழுப்புரம் வர்ற வரைக்கும் ஓயமாட்டாரு. இனிமே நீங்கதான் குடுக்கணும்."

என் படிப்பை ஊரெல்லாம் சொல்லிப் பூரித்திருக்கிறார். அந்தப் படிப்பு சொன்ன ஒரு வார்த்தையைக்கூட அவர் காதில் வாங்கவில்லை. "அந்த எல அவரக் காப்பாத்தலங்க" என்று கத்தினேன். "ஜல்தி போய் டாக்டரப் பாருங்க. மாத்திர போடுங்க."

"துக்கத்துல பேசறீங்க அண்ணி. எலையாலதான் அண்ணன் இம்மாங்காலம் இருந்தாரு" என்றார் அவர், என்னைத் தேற்றுகிற குரலில்.

அவரைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தேன். தரையில் உட்கார்ந்து அவர் செருப்பைக் கழற்றினேன். கருமாதி வீட்டில் பொம்பளை அடுத்தவன் காலைத் தொடுகிறாளே என்று பின்னால் யாரோ பதறினார்கள். பெருவிரல் ஓரத்தில் என் நகத்தை வைத்து, என் பலம் முழுவதையும் கொடுத்து அழுத்தினேன்.

"வலிக்குதா?"

அவர் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்துபோய்ச் சொன்னார்:

"இல்லீங்க அண்ணி. ஒன்னுமே தெரியல."