காபிக்கு முன் சொல்ல வேண்டியது

பிரகாசம் அண்ணன் வீட்டில் காபி குடித்தவர்கள் யாரும் அவர் செய்த ஆம்ப்ளிஃபயரைக் குறை சொன்னதில்லை. அதுதான் அவருக்குக் கவலை.

கோயமுத்தூர் ராமநாதபுரத்தில் வீடு. பம்ப்செட் கம்பெனியில் முப்பது வருடம் மோட்டாருக்குக் காயில் சுற்றியவர். ஓய்வுபெற்றதும், டிரான்ஸ்பார்மரைக்கூடத் தன் கையால் சுற்றி, இரண்டு வருடத்தில் அந்தப் பவர் ஆம்ப்ளிஃபயரைச் செய்தார். கேட்டவர்களெல்லாம் "அருமைங்ணா" என்றார்கள். நம் ஊரில் வேறென்ன சொல்வார்கள்?

ஈரோட்டு மஞ்சள் வியாபாரி தனபால், புது வீட்டுக்காகப் பார்த்துவைத்த ஆறு லட்ச ரூபாய் ஜப்பான் ஆம்ப்ளிஃபயரைக் கடையில் இரவலாக வாங்கி, காரில் கொண்டுவந்தார். இரண்டையும் கேட்டுப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. தன்னுடையது தேறாவிட்டால் பிரித்துப் போட்டுவிடுவது என்று அண்ணன் தீர்மானித்திருந்தார். லீவில் வந்திருந்த நானும் பக்கத்து வீட்டிலிருந்து போய் உட்கார்ந்திருந்தேன்.

அண்ணன் இரண்டு பெட்டிகளையும் போர்வையால் மறைத்தார். சத்தம் கொஞ்சம் கூடினாலே காது அதைத்தான் நல்லதென்று சொல்லும். அதனால் மீட்டர் வைத்து இரண்டையும் சமன் செய்தார். ஒயர் மாற்றும் வேலை அவர் மனைவி ஜோவிதா அக்காவுக்கு. தனபால் முடிவு சொல்லும்வரை காபி கிடையாது.

"ஈரோட்டுல இருந்து வந்தவருக்கு வெறுந்தண்ணியா? மானம் போகுதுங்க."

"காபி உள்ள போச்சுன்னா அவரு வாயில உண்மை வராது."

தனபால் சிரித்தார். "முறுக்கும் வெச்சீங்கன்னா பொய்யே சொல்லிப்போடறேனுங்க்கா."

ஒரே நாகசுர இசைத் துண்டு, மாற்றி மாற்றி ஆறு முறை. ஆறிலும் தனபால் கைகாட்டியது அண்ணனுடையதை.

"மொகத்துக்காகச் சொல்லலீங்ணா, நெசமாலுமே!"

அண்ணன் முகம் மலரவில்லை. மீட்டரை மறுபடி வைத்தார். அவர் பெட்டியின் சத்தம் ஒரு நூல் கூடுதல்.

"ஜோவிதா."

அக்கா முந்தானையைத் திருகினார். "பின்னாடி இருக்கற சத்தக் குமிழை ஒரு பொட்டு திருப்பிப்போட்டேனுங்க. ரெண்டு வருசம் இந்த ரூமுக்குள்ளயே கெடந்தீங்க. நீங்க தோக்கறதை எப்படிங்க பார்க்கறது?"

அண்ணன் திட்டவில்லை. குமிழைச் சரிசெய்து போர்வையை இழுத்துவிட்டார். இந்த முறை தனபால் மூன்று தடவை இதைச் சொன்னார், மூன்று தடவை அதை. கடைசியில் கையை விரித்தார். "வித்தியாசமே தெரியலீங்ணா."

"நவுருங்க தம்பி." அண்ணனே உட்கார்ந்தார். அக்கா ஒயரை மாற்ற மாற்ற, கண்ணை மூடி வெகுநேரம் கேட்டார். பிறகு சொன்னார்: "இதுதான் நம்முளுது."

அக்கா போர்வையை எடுத்தார். பாடிக்கொண்டிருந்தது ஜப்பான் பெட்டி.

தான் சுற்றியதைத் தானே அடையாளம் காணாத மனிதரைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அவரோ எழுந்துபோய்த் தன் பெட்டியின் மேல் கை வைத்தார். கதகதப்பாக இருந்திருக்க வேண்டும், கையை எடுக்கவில்லை.

"எனக்கே வித்தியாசம் தெரியல. பிரிக்க வேண்டாம்" என்றார், தனக்குத்தானே.

தனபால் ஜப்பான் பெட்டியை அட்டைக்குள் இறக்கினார். "இது கடைக்கே போகட்டுமுங்க, உங்களுதை எடுத்துக்கறேன். ரிப்பேருன்னா நீங்க கூப்படற தூரத்துல இருக்கறீங்க."

"இப்பவாச்சும் காபி போடலாமுங்களா?" அக்கா கேட்டார்.

"முறுக்கும் எடுத்துட்டு வா" என்றார் அண்ணன்.