பிரிக்காத மெத்தைகள்

உள்ளங்கை அகலமே உள்ள உயரமான சட்டத்தின் மேல் நின்று பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்தவள் அவள். ஜிம்னாஸ்டிக்ஸில் ஆறு வருடம் தொடர்ந்து தேசிய சாம்பியன். இருபத்து மூன்று வயதில் இடது முழங்கால் கைவிட்டதும் விளையாட்டுத் துறை கூப்பிட்டு அதிகாரி ஆக்கியது. அதிகாரி என்று பேர்தான். மேடையில் ஒரு நாற்காலி, கழுத்தில் அடையாள அட்டை, நீட்டிய இடத்தில் கையெழுத்து. வருகிறவர்களிடமெல்லாம் "நம்ம சாம்பியன் மேடம்" என்று செயலாளர் காட்டுவார், கண்ணாடி அலமாரிப் பொம்மையைக் காட்டுகிற மாதிரி. பத்தொன்பது வருடம் இவளும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள். வெட்கக்கேடு.

இந்த வருடம் பயிற்சிக் கூடத்துக்குப் புது மெத்தைகள் வந்தன. சுழன்று குதிக்கிற பிள்ளைகளின் காலைத் தாங்க வேண்டிய தடி மெத்தைகள். அவற்றின் பிளாஸ்டிக் உறையை யாரும் பிரிக்கக் கூடாது என்று செயலாளர் உத்தரவு போட்டார். திறப்பு விழாவுக்கு அமைச்சர் இன்னும் தேதி தரவில்லையாம். அதுவரை அழுக்குப் படக் கூடாதாம். புது சோபாவில் உறையோடு உட்காருகிற புத்தி. சோபாவில் யார் அந்தரத்திலிருந்து வந்து இறங்குகிறார்கள்?

உறை வழுக்குகிறது என்று பயிற்சியாளர் அவளிடம் இரண்டு முறை போனில் சொன்னார். பார்க்கலாம் என்று வைத்துவிட்டாள். கூடம் பாதுகாப்பாக இருக்கிறது என்ற சான்றிதழ் மேசைக்கு வந்தது. கூடம் ஒரு மாடி கீழேதான். ஆனால் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது, முழங்காலும் வலித்தது. கையெழுத்துப் போட்டாள்.

பத்தாம் நாள் பதினான்கு வயதுப் பெண் ஒருத்திக்கு இறங்கும்போது வழுக்கி, முழங்காலில் தசைநார் அறுந்தது. அவளுடைய அம்மா ஒரு தையல்காரி. அலுவலகத்துக்கு வந்து, சான்றிதழின் நகலை மேசைமேல் வைத்தாள்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாம்மா."

"கீழ போய்ப் பாத்தீங்களா?"

"இல்ல."

அந்த அம்மா நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனாள். கன்னத்தில் நாலு அறை விட்டிருந்தாலும் தேவலை.

இவள் நேரே செயலாளரிடம் போனாள். விழா முடியட்டும், பிரித்துவிடலாம் என்றார் அவர். கீழே மற்ற பிள்ளைகள் அதே மெத்தையில் குதித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது, பாதி அவர்மேல், பாதி தன்மேல். குமாஸ்தாவின் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். மடங்காத காலை நீட்டிப் போட்டுத் தரையில் உட்கார்ந்து, பதினெட்டு மெத்தைகளின் உறையையும் கிழித்தாள். செயலாளர் ஓடி வந்து கத்தினார். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மறுநாளே நோட்டீஸ் வந்தது. அரசு உடைமையைச் சேதப்படுத்தியதற்கு விளக்கம் தர வேண்டுமாம். ஒரு பிள்ளையின் கால் போனதற்கு யாருக்கும் நோட்டீஸ் இல்லை! அவள் மூன்று பக்கம் எழுதினாள். உறையைப் பிரிக்க விடாதவர் செயலாளர், போய்ப் பார்க்காமலே சான்றிதழ் கொடுத்தவள் நான், அந்தப் பெண்ணின் காலுக்கு நாங்கள் இருவரும் பொறுப்பு என்று எழுதினாள்.

செயலாளர் படித்தார். முகம் கறுத்தது. இதைக் கிழித்துப் போட்டுவிட்டு இரண்டு வரியில் மன்னிப்பு எழுதினால் விஷயத்தை முடித்துவிடலாம், இல்லாவிட்டால் வேலையும் போகும், பென்ஷனும் போகும் என்றார்.

"இந்தத் தடவை பாத்துட்டுத்தான் சார் கையெழுத்து போட்டிருக்கேன்" என்றாள். "இந்த மூணு பக்கத்தோட நகலும் அந்த அம்மா கையில இருக்கு."